அறுவைச் சிகிச்சை ஆய்வுக்கு எந்தப் புள்ளியியல் சோதனை? கையால் ஒரு கணக்கு

மதுரை மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ். (அறுவைச் சிகிச்சை மேற்படிப்பு) படிப்பவர்கள் ஆய்வேடு எழுதியே ஆகவேண்டும். அரசு இராசாசி மருத்துவமனையின் வார்டுகளில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை, தரவு சேர்ந்துவிடும். எந்தச் சோதனை என்ற கேள்வியைத்தான் பலர் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே அதை முடிவு செய்யுங்கள்.

படி 1: எதை அளக்கிறீர்கள்?

புண்ணில் சீழ் பிடித்ததா, இல்லையா என்பது தலையெண்ணிக்கை. ஹீமோகுளோபின் என்பது அளவு. வார்டில் தங்கிய நாட்களும் அளவுதான். ஆனால் பெரும்பாலோர் நான்கைந்து நாளில் வீடு திரும்ப, சிக்கலான ஒருவர் மாதக்கணக்கில் படுத்திருப்பார். அவர் ஒருவரே சராசரியை ஏற்றிவிடுவார். அங்கே இடைநிலை அளவைக் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், median) கொடுங்கள், சோதனை மான்-விட்னி (சராசரிக்குப் பதிலாக வரிசை எண்களை ஒப்பிடுவது).

படி 2: இரு குழுக்களா, அதே ஆட்களா?

இரு குழுக்களின் ஹீமோகுளோபினை ஒப்பிட டி சோதனை (t-test, இரு சராசரிகளை ஒப்பிடுவது). அதே நோயாளிக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் பார்த்தால் இணை டி சோதனை.

படி 3: தலையெண்ணிக்கைக்குக் கைவர்க்கச் (chi-square) சோதனை

இரு வேறு முறைகளில் குடலிறக்க அறுவை செய்துகொண்ட 80 பேர், முறைக்கு ஒரு குழுவாக, குழுவுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். முதல் குழுவில் 10 பேருக்குச் சீழ். இரண்டாவதில் 4 பேருக்கு. மொத்தம் 14. வேறுபாடே இல்லையென்றால் குழுவுக்கு 7 பேருக்குச் சீழ் வந்திருக்கும், 33 பேருக்கு வந்திராது. ஒவ்வொரு கட்டத்திலும் கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் வித்தியாசம் 3. அதன் வர்க்கம் 9. அதை எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, நான்கு கட்டங்களையும் கூட்டுங்கள்: 9/7 + 9/7 + 9/33 + 9/33 = 3.12. வழக்கமான 0.05 அளவுகோலுக்கு எல்லை 3.84. அதைத் தாண்டவில்லை, பி மதிப்பு (வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்கு மேல், ஏறத்தாழ 0.08.

எதிர்பார்த்த எண் எந்தக் கட்டத்திலாவது 5க்குக் கீழே போனால் ஃபிஷர் சோதனைக்கு மாறுங்கள்.

படி 4: முடிவை எழுதுவது

“இரண்டு முறைகளும் ஒன்றே” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சீழ் பிடித்த 25 சதவீதத்துக்கும் 10 சதவீதத்துக்கும் வேறுபாடு 15 புள்ளி. அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான வேறுபாடு எங்கே இருக்கக்கூடும் என்று காட்டும் வரம்பு) ஏறக்குறைய -1 முதல் 31 வரை. பெரிய நன்மை இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம் என்பதே இதன் பொருள். சீழ் பிடித்த புண்ணோடு தினமும் கட்டு மாற்ற வரும் நோயாளிக்கு இந்த வேறுபாடு உயிர்ப்பிரச்சினை, 0.05 என்ற ஒற்றைக் கோட்டை வைத்து அதைத் தள்ளிவிடக் கூடாது.

இதே வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 40 பேர் போதாது, ஏறக்குறைய 100 பேர் வேண்டும். இந்தக் கணக்கோடு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள்.