ரெடிமேட் டிராக்கில் குரலைத் திணிக்காதீர்கள்: இளம் பாடகர்கள் மியூசிக் புரொடியூசரிடம் செய்யும் தவறுகள்

டி.வி. போட்டியில் இரண்டு மூன்று சுற்று தாண்டியதும், கல்லூரி மேடையில் நல்ல கைதட்டல் விழுந்ததும், 'ஒரு சிங்கிள் போட்டுவிடலாம்' என்ற ஆசை வந்துவிடுகிறது. வீட்டில் பணம் புரட்டிக் கொடுக்கிறார்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஒரு ஸ்டூடியோ. பாட்டு, மிக்ஸிங், வீடியோ எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். அரை நாளில் பாடி முடிக்கிறார்கள். பாட்டு வெளிவருகிறது, சொந்தக்காரர்கள் பகிர்கிறார்கள், அதோடு சரி. இப்படி அமுங்கிப்போகிற பாட்டுகளில் குரல் சரியில்லை என்பது அபூர்வம். புரொடியூசரிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று தெரியாமல் போனதுதான் பெரும்பாலும் காரணம்.

புரொடியூசர் என்றால் பீட் போட்டுத் தருகிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். பீட், அதாவது தாளப் பின்னணி, இணையத்திலேயே விலைக்குக் கிடைக்கிறது. அவர் முதலில் செய்ய வேண்டியது உங்கள் குரலைக் கேட்பது. எந்த இடத்தில் அது நிறைந்து ஒலிக்கிறது, எங்கே இளைக்கிறது, ஒரே மூச்சில் எவ்வளவு நீளம் பாட முடிகிறது, எந்த எழுத்தில் நாக்கு தடுக்குகிறது என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் பாட்டு. முதல் சந்திப்பிலேயே லேப்டாப்பைத் திறந்து, தயாராக இருக்கும் டிராக்குகளை வரிசையாக ஓட்டி, 'எது பிடிச்சிருக்கு, சொல்லுங்க' என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

அந்த டிராக்கின் சுருதி உங்களுக்காக வைத்தது அல்ல. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பாட்டு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடிப் பழகிய ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். பல்லவி மந்திர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி) பஞ்சமம் வரை இறங்குகிறது. சரணம் மேல் பஞ்சமத்தைத் தொடுகிறது. மேலே எட்டிவிடுவான், ஆனால் கழுத்து நரம்பு புடைக்கும். அந்த இறுக்கத்தை மைக் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒரு கட்டைக்கு இறக்கினால் சரணம் கொஞ்சம் சுகப்படும். பல்லவியின் அடி ஸ்வரமோ வெறும் காற்றாகிவிடும். நல்ல புரொடியூசர் இந்த இடத்தில் பாடகனைத் திட்டமாட்டார். சரணத்தின் உச்சியை ஒரு ஸ்வரம் குறைத்து மெட்டைத் திருத்தலாமா என்று கீபோர்டில் வாசித்துப் பார்ப்பார். அரை மணி நேர வேலை. வயலினோ நாதஸ்வரமோ வாசித்து முடித்த பிறகு சுருதியை மாற்றினால் வாத்தியத்தின் நாதமே மாறிவிடும் என்பதால், இதை ஆரம்பத்திலேயே முடித்துவிட வேண்டும். நீங்களே கேளுங்கள்: 'சார், ரெண்டு மூணு சுருதியில பாடிப் பார்த்துடலாமா?' இந்தக் கேள்விக்கு எரிச்சல்படுகிறவர் உங்களுக்கு ஏற்றவர் இல்லை.

அடுத்தது, 'மெலடைன்ல சரி பண்ணிக்கலாம்' என்ற வார்த்தையை நம்புவது. அந்த மென்பொருள் ஸ்வரத்தை நகர்த்தும், அவ்வளவுதான். கை தவறினால் கமகத்தையும் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் அழகு) பிழை என்று நினைத்து நேர்க்கோடாக இழுத்துவிடும். இரண்டே டேக்கில் 'சூப்பர்' சொல்லி அனுப்புகிறவரைவிட, ஒரே வரியைப் பத்து முறை பாடவைப்பவர் உங்களுக்கு அதிகம் தருகிறார். எஸ்.பி.பாலசுப்ரமணியம் தன்னிடம் வந்தபோது, பாடுவது நன்றாக இருந்தும், தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னவர் எம்.எஸ்.விஸ்வநாதன். 1966-ல் எஸ்.பி.பி.யைத் தெலுங்கில் முதலில் பாடவைத்தவர் எஸ்.பி.கோதண்டபாணி, எஸ்.பி.பி. பின்னாளில் தன் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அவர் பெயரையே வைத்தார். அன்று இசையமைப்பாளர்கள் பார்த்துக்கொண்ட அந்தப் பொறுப்பு, சினிமாவுக்கு வெளியே பாடுகிற பிள்ளைகளுக்கு இன்று புரொடியூசரின் கையில் இருக்கிறது. கண்டிப்பை அவமானமாக எடுத்துக்கொண்டு வேறு ஸ்டூடியோவுக்கு மாறுவது பெரிய நஷ்டம்.

பிரபல பாடகரின் குரல் போலவே பாடச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

இனி காகிதம். 'காசு நான்தானே கொடுத்தேன், பாட்டு என்னுடையதுதானே' என்று நினைப்பது ஆபத்து. வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒலிப்பதிவு செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர்தான் அதன் தயாரிப்பாளர். அது நீங்களா புரொடியூசரா என்று எழுதிவைக்காவிட்டால், பாட்டு ஓடும் நாளில் சண்டை வரும். பாடகருக்கும் உரிமை உண்டு: பாடிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டை வணிகத்துக்குப் பயன்படுத்தும்போது ராயல்ட்டியும் சேர வேண்டும். பாடகர்களுக்காகவே 2013-ல் இஸ்ரா (இப்போது இசாம்ரா) என்ற பதிப்புரிமைச் சங்கம் வந்தது. அதில் சேர்வது எப்படி என்று விசாரியுங்கள்.

ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் பல ஒப்பந்தங்களில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். 'மூன்று வருடம் வேறு யாருக்கும் பாடக் கூடாது' என்று இருந்தால், அந்த மூன்று வருடத்தில் எத்தனை பாட்டு வெளியிடுவார்கள் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களைப் பூட்டிவைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 15 வயதில் ஒரு இசை நிறுவனத்தோடு சேர்ந்தார். அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர் (மூல ஒலிப்பதிவு) 2019-ல் வேறு கைக்கு விற்கப்பட்டது. 2025-ல்தான் அவரால் அவற்றை வாங்க முடிந்தது. அவ்வளவு பணம் நம் பிள்ளைகளிடம் இருக்கப்போவதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் இந்தியாவில் செல்லாது. எனவே உங்கள் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். பையன்களுக்குக் குரல் உடையும்போது ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். பன்னிரண்டு வயதுக் குரலை நம்பி ஐந்து வருடத் திட்டம் போடுகிறவரிடம், 'குரல் மாறினால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். அந்த மாதங்களில் உச்சியில் பாடவைத்துக் குரலை வருத்தக் கூடாது.

பாட்டு முடிந்த அன்றே மாஸ்டர் ஃபைலையும், குரல் தனியாக, வாத்தியங்கள் தனியாக இருக்கும் ஸ்டெம்களையும் ஹார்ட் டிஸ்கில் வாங்கிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவற்றுக்கு அனுப்பும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வருமானம் அந்தக் கணக்குக்குத்தான் போய்ச் சேரும். புரொடியூசருக்குப் பங்கு தருவதாக இருந்தால் எத்தனை சதவீதம் என்பதை, கடைசி தவணையைக் கொடுப்பதற்கு முன்பே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.