அலாஸ்காவுக்குக் கப்பல் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலாஸ்கா பயணம் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தக் கப்பல் நல்ல கப்பல்?" என்பதைத்தான். கரீபியன் கடலுக்கு என்றால் அந்தக் கேள்வி சரி. அங்கே கப்பலே பாதிப் பயணம். நீச்சல் குளம், சறுக்கு விளையாட்டு, இரவு நிகழ்ச்சி எல்லாம் எப்படி என்று பார்த்து முடிவு செய்யலாம். அலாஸ்காவில் பார்க்க வேண்டியதெல்லாம் கப்பலுக்கு வெளியே இருக்கிறது. அதனால் எந்தப் பனியாற்றுக்குப் போகிறது, எந்தத் துறைமுகத்தில் கிளம்புகிறது, ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் கப்பலின் பெயருக்கு வர வேண்டும். இந்த வரிசையை மாற்றிப் பிடிப்பதில்தான் முக்கால்வாசி ஏமாற்றங்கள் தொடங்குகின்றன.

'கிளேசியர்' என்ற பெயரை நம்பி புக் செய்வது

பயணத்திட்டத்தின் தலைப்பில் 'கிளேசியர்' (பனியாறு) என்று இருந்தால் அது கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குப் போகும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. அந்தப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் விடமாட்டார்கள். அந்த அனுமதியில் பெரும்பங்கு பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா ஆகிய இரண்டு நிறுவனங்களிடம் இருக்கிறது. நார்வீஜியன் நிறுவனத்தின் சில பயணங்களும் உள்ளே போகும். ராயல் கரீபியன், செலிபிரிட்டி கப்பல்களின் திட்டத்தில் பொதுவாக இந்தப் பூங்கா இருக்காது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயும் கப்பலுக்குக் கப்பல், வாரத்துக்கு வாரம் மாறும். நீங்கள் பணம் கட்டப்போகும் தேதியின் திட்டத்தில் 'கிளேசியர் பே' என்ற பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அந்த ஒரு நாள் மற்ற எல்லா நாட்களையும் விட உயர்ந்தது. 1794-ல் ஆங்கிலேயக் கடற்பயணி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் இந்தக் கரையை அளந்துகொண்டு வந்தபோது, விரிகுடா கிட்டத்தட்ட முழுவதும் பனியால் அடைபட்டுக் கிடந்தது. பிறகு அந்தப் பனி சுமார் 100 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. இன்று நம் கப்பல் போகும் நீர்ப்பாதை, பனி விலகிக் கொடுத்த இடம். நுழைவாயிலில் அடர்ந்த காடு நிற்கும். உள்ளே போகப் போக மரம் குறைந்து புதராகி, புதர் பாசியாகி, கடைசியில் வெறும் பாறையும் பனியும்தான். இருநூறு ஆண்டு வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போகிறோம். ஹூனா ட்லிங்கிட் மக்களின் பூர்வீக நிலம் இது. பூங்காக் காவலர்கள் படகில் வந்து கப்பலில் ஏறி இதையெல்லாம் விளக்குவார்கள். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று, இரு பக்கத்தாரும் பார்க்கும்படி மெதுவாகத் திரும்பும்.

கிளேசியர் பே கிடைக்காவிட்டால் ஹப்பர்டு பனியாறு அடுத்த தேர்வு. சிலருக்கு இதுவே முதல் தேர்வு, அதிலும் நியாயம் உண்டு. சுமார் 122 கிலோமீட்டர் நீளம். கடலைத் தொடும் முகப்பு மட்டும் பத்து கிலோமீட்டர் அகலம் இருக்கும். உலகின் பெரும்பாலான பனியாறுகள் சுருங்கிக்கொண்டிருக்க, இது இன்னும் முன்னேறிக்கொண்டிருக்கிறது. ஒரே சிக்கல், மிதக்கும் பனிக்கட்டிகள் அதிகமாக இருந்தால் கப்பல் தூரத்திலேயே நின்றுவிடும்.

சியாட்டிலிலிருந்து போய்த் திரும்பும் பல கப்பல்கள் போவது எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய நீர்ப்பாதைக்கு. அதன் கோடியில் டாஸ் பனியாறு இருக்கிறது. இருபுறமும் செங்குத்துப் பாறையும் அருவிகளும் அழகுதான். ஆனால் பனியும் மூடுபனியும் பெரிய கப்பலை வழியிலேயே திருப்பிவிடக்கூடும், மே மாதத்தில் குறிப்பாக. பக்கத்திலிருக்கும் ட்ரேசி ஆர்மைப் புகழ்ந்து எழுதிய பழைய பயணக் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். அங்கே 2025 ஆகஸ்ட் 10 அன்று பெரிய நிலச்சரிவு ஏற்பட்டு, நீர் மலைச்சரிவில் மிக உயரத்துக்கு எழும்பியது. அதன் பிறகு பல நிறுவனங்கள் அந்தப் பாதையை விட்டு எண்டிகாட் பக்கம் திரும்பியிருக்கின்றன. எனவே பழைய குறிப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கிளம்பும் துறைமுகத்தை விமான டிக்கெட் விலை பார்த்து முடிவு செய்வது

சியாட்டிலுக்கு விமானம் எளிது, மலிவு. அதனாலேயே பலர் கண்ணை மூடிக்கொண்டு சியாட்டிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவின் மேற்குப் பக்கமாக, திறந்த பசிபிக் கடலில் போகும். ஆட்டம் இருக்கும், கரையும் கண்ணுக்குத் தெரியாது. கனடாவின் வான்கூவர் நகரில் கிளம்பும் கப்பல்கள் அந்தத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே, இன்சைட் பாசேஜ் வழியாகப் போகும். சில மணி நேரம் மட்டும் திறந்த கடலைக் கடக்க வேண்டியிருக்கும். மற்ற நேரமெல்லாம் இரு பக்கமும் மலை, காடு, அமைதியான நீர். கப்பல் ஆடினால் தலைசுற்றும் என்று பயப்படுபவர்களுக்கு வான்கூவர்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

இதற்குள் ஒரு பழைய சட்டமும் ஒளிந்திருக்கிறது. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றி இறக்குவதை 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. பெரிய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பெர்முடா, பனாமா, நெதர்லாந்துக் கொடியில் ஓடுபவை. அதனால் சியாட்டிலில் தொடங்கிச் சியாட்டிலில் முடியும் கப்பல் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதற்காகத்தான் கனடாவின் விக்டோரியா. பல திட்டங்களில் கப்பல் அங்கே சேர்வதே இரவு எட்டு மணி வாக்கில், நள்ளிரவுக்குள் கிளம்பிவிடும். புகழ்பெற்ற புச்சார்ட் தோட்டத்தை நிதானமாகப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு ஏமாற்றம்தான். விளம்பரம் இதையும் ஒரு முழு ஊராகச் சேர்த்துத்தான் எண்ணும்.

மூன்றாவது வழி, வான்கூவரில் ஏறி வடக்கே அலாஸ்காவின் சீவர்டு அல்லது விட்டியரில் இறங்குவது. நிலப்பகுதியையும் பார்க்க விரும்புபவர்களுக்கு இதுவே சிறந்தது. ஆனால் கப்பல் கட்டணத்தை மட்டும் பார்த்து மலிவு என்று எண்ணக்கூடாது. போகும் ஊர் வேறு, திரும்பும் ஊர் வேறு என்பதால் விமானச் செலவு ஏறும். சீவர்டிலிருந்து, விமானம் ஏற வேண்டிய ஆங்கரேஜ் நகரம் சுமார் 200 கிலோமீட்டர். விட்டியரிலிருந்து வரும் சாலை 4 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் போகிறது. ஒரே தடத்தை ரயிலும் கார்களும் மாறி மாறிப் பயன்படுத்துவதால் காத்திருக்க வேண்டும். இறங்கிய அன்றே மதிய விமானம் பிடிப்பதாகத் திட்டம் போடாதீர்கள்.

விசாவைக் கடைசியில் யோசிப்பது

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவைக் கப்பலில் அழைத்துப் போக ஆசைப்படுபவர்கள் கவனமாகப் படியுங்கள். அலாஸ்கா அமெரிக்காதானே, அமெரிக்க விசா போதும் என்று நினைக்கிறார்கள். விக்டோரியாவைத் தொடும் கப்பலுக்குக் கனடா விசாவும் வேண்டும். விக்டோரியாவில் இறங்காமல் கேபினிலேயே இருந்துவிடுகிறோம் என்றாலும் விடமாட்டார்கள். துறைமுகத்தில் ஆவணம் பார்க்கும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள், கட்டிய பணமும் திரும்பாது.

கனடாவைத் தொட்டுவிட்டு மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைவதால், அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை. ஆனால் கார்டும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கனடா விசா வரப் பல வாரங்கள் ஆகலாம், எனவே கப்பலுக்கு முழுப் பணம் கட்டும் கெடு முடிவதற்குள் விசா கையில் வருமா என்று கணக்கிடுங்கள்.

அப்புறம் அலாஸ்காவில் கப்பல்கள் நிற்கும் ஊர்களில் ஒன்றான ஸ்காக்வே. அங்கிருந்து 1898-ல் கட்டத் தொடங்கிய ஒயிட் பாஸ் மலை ரயிலில் போகாமல் வருவது நஷ்டம். உச்சிவரை போய் இறங்காமல் திரும்பும் சவாரியும் உண்டு, கனடாவுக்குள் போய் இறங்கும் சவாரியும் உண்டு. எதை வாங்குகிறோம், அதற்கு என்ன ஆவணம் கேட்பார்கள் என்று பார்த்து வாங்குங்கள்.

ஊர்களின் பெயரை மட்டும் எண்ணுவது

ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் என்று எல்லாத் திட்டங்களும் ஒன்று போலவே தெரியும். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. ஒரு கப்பல் கெட்சிகனில் காலை ஏழு மணிக்கு வந்து மதியம் ஒரு மணிக்கே கிளம்பிவிடும், இன்னொன்று மாலைவரை நிற்கும். ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாறு நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். திமிங்கிலம் பார்க்கும் படகுகளும் ஊரைத் தாண்டி ஆக் பே என்ற இடத்திலிருந்துதான் கிளம்பும். இரண்டையும் அவசரமில்லாமல் சேர்த்துப் பார்க்க எட்டு மணி நேரம் இருந்தால் நல்லது.

கப்பலை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதும் முக்கியம். கெட்சிகனில் சில கப்பல்கள், குறிப்பாக நார்வீஜியன் கப்பல்கள், ஊருக்கு வெளியே வார்டு கோவ் என்ற இடத்தில் நிற்கும். அங்கிருந்து பேருந்தில்தான் ஊருக்குள் வர வேண்டும். சிட்காவிலும் பெரிய கப்பல்களின் மேடை ஊரை விட்டுத் தள்ளியே இருக்கிறது.

கூட்டத்தையும் பாருங்கள். சுமார் 32,000 பேர் வாழும் ஜூனோவில் 2024 முதல் நாளுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பு வைத்தார்கள். 2026 முதல் பயணிகள் எண்ணிக்கைக்கும் வரம்பு: சாதாரண நாட்களில் 16,000, சனிக்கிழமை 12,000. ஆயிரத்துச் சொச்சம் பேரே வாழும் ஸ்காக்வேயில் நான்கு கப்பல்கள் ஒரே நாளில் நின்றால் நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது. எந்த நாளில் எத்தனை கப்பல் என்ற துறைமுக அட்டவணை இணையத்தில் கிடைக்கும். புக் செய்வதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பார்த்துவிடுங்கள்.

கப்பலுக்குள் எதைப் பார்ப்பது

இப்போது கப்பலுக்கு வரலாம். நாலாயிரம் பேர் போகும் கப்பலில் குழந்தைகளுக்கு நிறைய விளையாட்டு, கட்டணமும் ஓரளவு குறைவு. இளம் பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு அது தவறே இல்லை. இறங்கவும் ஏறவும் வரிசை, திறந்த தளத்தில் இடநெருக்கடி ஆகியவை அதற்கான விலை. இரண்டாயிரம் பேர் அளவுள்ள நடுத்தரக் கப்பல்தான் என் சிபாரிசு. அறுபது, நூறு பேர் மட்டும் போகும் சிறு கப்பல்கள் கரடி தெரிந்தால் அங்கேயே நிற்கும், கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் இறக்கிவிடும். ஆனால் கட்டணம் பல மடங்கு.

கப்பலின் டெக் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, முன்பக்கத் தளம் பயணிகளுக்குத் திறந்திருக்குமா, கப்பலைச் சுற்றி நடக்கும் தளம் உண்டா, கூரை மூடிய நீச்சல் குளம் உண்டா, கண்ணாடி வழியே முன்னால் பார்க்க உட்காரும் இடம் உண்டா என்று தேடுங்கள். பனியாற்றின் முன் உங்களுக்கு வேண்டியது இவைதான்.

பால்கனி இல்லாமல் அலாஸ்காவுக்குப் போகாதே என்று பலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. பால்கனியில் ஒரு பக்கம் மட்டுமே தெரியும். திறந்த தளத்தில் எல்லாப் பக்கமும் தெரியும். பணம் அளவாக இருந்தால் உள்கேபின் எடுத்து, மிச்சத்தைத் திமிங்கிலப் படகுக்கோ ஹெலிகாப்டரில் பனியாற்றின் மேல் இறங்கும் சவாரிக்கோ செலவிடுங்கள். குளிரில் நிற்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால் மட்டும் என் பதில் மாறும். அவர்களுக்குப் பால்கனி பெரிய நிம்மதி. எந்தப் பக்கம் எடுப்பது என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் எடுத்தால் ஆட்டம் குறைவு.

விலையை ஒப்பிடும்போது துறைமுக வரி, டிப்ஸ், வைஃபை, ஊர் சுற்றும் செலவு எல்லாம் சேர்த்து ஒப்பிடுங்கள். டிப்ஸ் மட்டுமே ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரும். ஹெலிகாப்டர் சவாரி பல நூறு டாலர். சைவம் சாப்பிடுபவர்கள் புக் செய்யும்போதே சொல்லிவிட்டால் பல கப்பல்களில் இந்தியச் சாப்பாடு செய்து தருவார்கள்.

மாதமும் தேதியும்

மே மாதத்தில் மழை குறைவு, மலையெல்லாம் பனி, கட்டணமும் குறைவு. ஜூன், ஜூலையில் பகல் நீளம். ஜூனோவில் ஜூன் இறுதியில் பதினெட்டு மணி நேர வெளிச்சம். கரடிகள் சால்மன் மீன் பிடிப்பதைப் பார்க்க ஜூலைக் கடைசியும் ஆகஸ்டும். செப்டம்பரில் மழை வலுக்கும். கெட்சிகனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் என்பதால் எந்த மாதம் போனாலும் நல்ல மழைக்கோட்டு வேண்டும். வடதுருவ ஒளி பார்க்கலாம் என்று ஜூன் மாதக் கப்பலைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அப்போது இரவு முழுதாக இருட்டுவதே இல்லை.

கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளே துறைமுக ஊருக்குப் போய்விடுங்கள். சியாட்டிலில் கப்பலைத் தவறவிட்டால் கெட்சிகனுக்குப் பறந்து போய் ஏறிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த 1886-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கேயும் குறுக்கே வரும். ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி, பக்கத்து நாட்டை மட்டும் தொட்டுவிட்டு, வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்குவதை அது அனுமதிப்பதில்லை. அதனால் நடுவில் வந்து ஏறக் கேட்டால் கப்பல் நிறுவனம் மறுத்துவிடலாம்.