லித்தியம் உலோக ஆனோடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரியின் எதிர்மின்முனையாக, அதாவது ஆனோடாக வைத்தால், ஒரு கிராம் லித்தியம் உலோகம் கொள்கையளவில் 3860 மில்லியாம்பியர் மணி மின்னூட்டம் தரும். இன்றைய லித்தியம் அயனி பேட்டரிகளில் இருக்கும் கிராஃபைட் தருவது 372 மட்டுமே. பத்து மடங்கு வித்தியாசம். ஆசை வருவது இயல்புதான். ஆனால் இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்களும், செய்தி படித்து நம்பிக்கை வைக்கும் வாசகர்களும் ஒரே மாதிரியான தவறுகளில் சிக்குகிறார்கள். பெரும்பாலும் வேர் ஒன்றுதான்: செல்லுக்குள் எவ்வளவு லித்தியம் வைத்தோம், அதில் எவ்வளவு வீணாகிறது என்று கணக்குப் பார்க்காமல் விடுவது.

முதலில், தடித்த லித்தியம் தகட்டை வைத்துச் சோதிப்பது. நாணய வடிவிலான ஆய்வகக் காயின் செல்களில் 250 மைக்ரானோ அதற்கு மேலோ தடிமன் உள்ள தகடு சர்வ சாதாரணம். ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 மில்லியாம்பியர் மணிக்கு ஏறக்குறைய 5 மைக்ரான் லித்தியம் போதும். நேர்மின்முனையான கேத்தோடின் கொள்ளளவு சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லியாம்பியர் மணி என்றால், ஒவ்வொரு சார்ஜிலும் 20 மைக்ரான்தான் வந்து போகிறது. மீதியெல்லாம் உபரி.

அந்த உபரி என்ன செய்கிறது என்று பாருங்கள். கூலம்பிக் திறன், அதாவது சார்ஜில் போட்ட மின்னூட்டத்தில் டிஸ்சார்ஜில் திரும்பக் கிடைக்கும் பங்கு, 99 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உபரியே இல்லாத செல்லில், 100 சுழற்சிக்குப் பிறகு மிஞ்சுவது 37 சதவீதம். அதே செல்லில் 250 மைக்ரான் தகட்டை வைத்தால், ஒவ்வொரு முறையும் இழக்கும் 1 சதவீதத்தைத் தகடு சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடும். வேறு எதுவும் கெடாவிட்டால் ஆயிரம் சுழற்சி தாண்டியும் வரைபடம் நேர்கோடாகப் போகும். உபரி இல்லாமல் 1000 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதம் மிஞ்ச வேண்டுமானால் தேவைப்படுவது சுமார் 99.98 சதவீதத் திறன். 99-க்கும் 99.98-க்கும் நடுவில்தான் இந்தத் துறையின் உண்மையான போராட்டமே நடக்கிறது. அயனிகளைக் கடத்தும் திரவமான எலக்ட்ரோலைட்டும் அப்படித்தான். காயின் செல்லில் தாராளமாக ஊற்றுகிறார்கள். நடைமுறை செல்லில் ஒரு ஆம்பியர் மணிக்கு சுமார் 3 கிராமுக்குள் அடக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது, டென்ட்ரைட் (கிளை கிளையாக வளர்ந்து மறுமுனையைத் தொட்டு ஷார்ட் ஆக்கும் லித்தியம்) மட்டுமே எதிரி என்று நினைப்பது. டென்ட்ரைட் ஆபத்துதான், மறுக்கவில்லை. 1980-களின் இறுதியில் மோலி எனர்ஜி நிறுவனத்தின் லித்தியம் உலோக பேட்டரிகள் கைபேசிகளில் தீப்பிடித்து, 1989-இல் திரும்பப் பெறப்பட்டன. 1991-இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த பேட்டரியில் ஆனோடு கார்பன்தான். ஆனால் ஷார்ட் ஆகாமலேயே செல் செத்துப்போகும் வழி ஒன்று உண்டு. சார்ஜ் ஆகும்போது லித்தியம் படிகிறது, எலக்ட்ரோலைட்டோடு வினைபுரிந்து மேலே மெல்லிய எஸ்.இ.ஐ. (திட எலக்ட்ரோலைட் இடைமுகம்) படலம் உருவாகிறது. உலோகம் பெருத்துச் சுருங்கும்போது படலம் விரிசல் விடுகிறது. புதிதாக வெளிப்பட்ட லித்தியம் மறுபடி வினைபுரிகிறது. டிஸ்சார்ஜின்போது பாசி போலப் படிந்த லித்தியத்தின் அடிப்பகுதி முதலில் கரைந்துவிட்டால், மேல்பகுதி மின்தொடர்பு அறுந்து அப்படியே நின்றுவிடும். இதுதான் செத்த லித்தியம். இது சேரச் சேர ஆனோடு நுண்துளைகளோடு தடித்துப் போகிறது, எலக்ட்ரோலைட்டை உறிஞ்சுகிறது, கடைசியில் செல் வறண்டுவிடுகிறது.

இரண்டு பக்கமும் லித்தியம் வைத்த சமச்சீர் செல் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியது என்று பார்த்தவுடன் சந்தோஷப்படுவதும் தவறு. உள்ளே மென்மையான ஷார்ட் (மின்சாரம் கொஞ்சமாகக் கசியும் பகுதி ஷார்ட்) ஆகியிருந்தால் மின்னழுத்தம் குறைந்து, தட்டையாக, அழகாகத்தான் தெரியும். மின்னழுத்தம் சட்டென்று இறங்கிய இடத்தைத் தேடுங்கள். வளைவு சதுரமாக மாறியிருக்கிறதா, மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) காரணமில்லாமல் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். முழு செல்லில் சோதிக்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

கையாளும்போது நேரும் சின்னத் தவறு ஒன்று: நைட்ரஜன் மந்த வாயுதானே என்று அதில் லித்தியத்தைத் திறப்பது. லித்தியம் அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜனோடு வினைபுரியும். ஆர்கான் வேண்டும்.

சரி, திரவத்தை விட்டு திட எலக்ட்ரோலைட்டுக்குப் போனால் எல்லாம் தீர்ந்துவிடுமா? 2005-இல் ஆய்வாளர்கள் மன்றோவும் நியூமனும் வெளியிட்ட கணிப்பு பாலிமர்களைப் பற்றியது: எலக்ட்ரோலைட்டின் நறுக்குக் குணகம் (உருவம் சரியாமல் தாங்கும் விறைப்பின் அளவு) லித்தியத்தினுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தால் டென்ட்ரைட் வளர்ச்சி அடங்கும். அதை அப்படியே பீங்கானுக்குப் பொருத்தி "கடினமாக இருந்தால் போதும்" என்று எடுத்துக்கொண்டவர்கள் பலர். எல்.எல்.இசட்.ஓ. (லித்தியம், லாந்தனம், சிர்கோனியம் கலந்த ஆக்சைடு) பீங்கான் அந்த அளவை வெகுவாகத் தாண்டுகிறது. இருந்தும் அதன் துகள் எல்லைகள், நுண்விரிசல்கள் வழியாக லித்தியம் ஊடுருவிவிடுகிறது. கரையும்போது வேறு சிக்கல். லித்தியத்துக்கும் பீங்கானுக்கும் நடுவில் வெற்றிடங்கள் உருவாகும்; அப்புறம் மிச்சமிருக்கும் சில தொடுபுள்ளிகளில் மின்னோட்டம் குவிந்து, அங்கிருந்தே ஊடுருவல் தொடங்கும். இதைத் தடுக்க வெளியிலிருந்து அழுத்தம் கொடுக்கிறார்கள். ஆய்வகக் கவ்வியில் பல மெகாபாஸ்கல் கொடுப்பது சுலபம்; வண்டிக்குள் வைக்கும் பேட்டரியில் அந்த அழுத்தத்தைத் தாங்கும் சட்டத்தின் எடையையும் கணக்கில் சேர்த்துத்தான் ஆற்றல் அடர்த்தியைச் சொல்ல வேண்டும். அழுத்தம், வெப்பநிலை, மின்னோட்ட அடர்த்தி மூன்றும் குறிப்பிடப்படாத திடநிலை முடிவை மற்றொன்றோடு ஒப்பிட வழியே இல்லை.