ஜெபிக்க மனம் வராதபோது என்ன செய்வது?

"விருப்பமே இல்லாமல் ஜெபித்தால் அது மாய்மாலம்தானே?" வாலிபர் கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி. வாஞ்சை இருப்பதுபோல் நடித்தால்தான் மாய்மாலம். "ஆண்டவரே, இன்றைக்கு மனமே இல்லை" என்று சொல்லிவிட்டு முழங்காற்படியிடுகிறவர் யாரை ஏமாற்றுகிறார்? மத்தேயு 21இல் "மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பிறகு திராட்சத்தோட்டத்துக்குப் போன மகன்தான் தகப்பனுடைய சித்தத்தைச் செய்தவன்.

ஆகவே கீழ்ப்படிதலில் தொடங்குங்கள். அதோடு நின்றுவிடாமல் வாஞ்சையையும் கேட்டு வாங்குங்கள்.

நேரத்தை முந்தின இரவே தீர்மானித்துவிடுங்கள். 15 நிமிடம் போதும். எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் என்று பொருத்தனை பண்ணுகிறவர்கள் சீக்கிரமே சோர்ந்துபோகிறார்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். வேதாகமம் அச்சுப் புத்தகமாகவே இருக்கட்டும்.

சங்கீதம் 119இல் 33 முதல் 40 வரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சங்கீதத்தின் 176 வசனங்களும் எட்டெட்டாக 22 பகுதிகள், இது ஐந்தாவது. ஏறக்குறைய எல்லாமே விண்ணப்பம். வாய்விட்டு இரண்டு முறை வாசித்துவிட்டு 35, 36ஆம் வசனங்களுக்குத் திரும்புங்கள். 35இல் கர்த்தருடைய கற்பனைகளின் பாதையைப்பற்றி "நான் அதில் பிரியமாயிருக்கிறேன்" என்கிறவர், அடுத்த வசனத்திலேயே தன் இருதயம் பொருளாசையைச் சாராமல் கர்த்தருடைய சாட்சிகளை, அதாவது அவருடைய வார்த்தைகளை, சாரும்படி செய்யச் சொல்லிக் கேட்கிறார். பிரியமும் இருக்கிறது, வேறு பக்கம் சாய்கிற இருதயமும் இருக்கிறது. "பொருளாசை" என்ற இடத்தில் இன்று உங்களை இழுப்பதன் பெயரை வையுங்கள்: சம்பள உயர்வு, கிரிக்கெட், ஒருவர்மேல் உள்ள கோபம். பொதுப்படையாக "என் பாவங்களை மன்னியும்" என்று முடித்துக்கொண்டால் இந்த ஜெபம் பிடிகொடுக்காது. மீதி நேரத்தில் 37ஆம் வசனத்தையும் 40ஆம் வசனத்தையும் அதேபோல் உங்கள் ஜெபமாக்குங்கள்.

வறட்சியான நாளில் நேரத்தைக் குறைக்காதீர்கள். இயேசு சபைத் துறவிகளின் அமைப்பைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டிலேயே தந்த ஆலோசனை, அப்படிப்பட்ட வேளையில் குறித்த நேரத்தைவிடச் சற்று அதிகமாகவே ஜெபத்தில் இருக்க வேண்டும் என்பது. அப்போது பழைய தீர்மானங்களை மாற்றக் கூடாது என்றும் சொன்னார். சபை மாறுவது, ஊழியத்தை விடுவது எல்லாம் மனம் தெளிந்த பிறகு யோசிக்க வேண்டியவை.

இன்னொரு பக்கம் சறுக்குகிறவர்களும் உண்டு. ஒரு நாளும் தவறாமல் செய்வார்கள். உள்ளே கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். லூக்கா 15இன் மூத்த குமாரன் அப்படித்தான்: கற்பனையை மீறவில்லை, தம்பி திரும்பி வந்ததும் எரிச்சல். ஜெபத்துக்கு வராதவர்களை மனதுக்குள் எண்ண ஆரம்பித்தால் இந்த நோய் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வாரம் அவர்களில் ஒருவருக்கு, யாருக்கும் சொல்லாமல், ஒரு உதவி செய்யுங்கள்.

பகையிலும் இதே வரிசைதான்: முதலில் கீழ்ப்படிதல், பிறகு வாஞ்சை. யாத்திராகமம் 23, சத்துருவின் மாடு தப்பிப்போனால் அதைக் கொண்டுபோய் விடச் சொல்கிறது. அவன்மேல் பாசம் வரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. காணிக்கையைப் பொறுத்தவரை, 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறபடி தொகையை மனதில் நியமித்து, சனிக்கிழமையே கவரில் போட்டுவிடுங்கள். பை கைக்கு வரும்போது யோசித்தால் விசனம்தான் மிஞ்சும்.

ஜெபம் மட்டுமல்லாமல் சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளோடு பேச்சு எதிலுமே இரண்டு வாரமாகப் பிடிப்பில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைப் பாருங்கள். ஜெபக்குறைவு என்று உங்களையே அடித்துக்கொள்ளாதீர்கள்.