“லைன் செக் பண்ண வந்தனாங்கள்”: கதவைத் திறக்க முன்

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு சிறிய கந்தோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாமையாளர் வங்கிக்குப் போய்விட்டார். முன்மேசையில், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான ஒரு பிள்ளை. சின்னம் போட்ட ரீசேட், கருவிப் பை, கழுத்தில் அட்டையோடு இரண்டு பேர் வருகிறார்கள். “தங்கச்சி, லைன் செக் பண்ண வந்தனாங்கள். கொழும்பிலயிருந்து சொல்லி அனுப்பினவை.” பிள்ளை உள் அறையைத் திறந்துவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணியும் வருகிறது.

வந்தவர்கள் உண்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால் அதை ஒருவரும் சரிபார்க்கவில்லை.

ரீசேட்டில் சின்னம் அடிப்பதும் அட்டை ஒன்றை அச்சிட்டு லமினேட் பண்ணுவதும் இன்று பெரிய காரியம் இல்லை. அட்டை உண்மையானதாகவே இருந்தாலும், அவர் யார் என்பதைத்தான் அது சொல்லும். இன்று இங்கே அவருக்கு வேலை இருக்கிறதா என்பதைச் சொல்லாது. தேசிய அடையாள அட்டையும் அப்படித்தான். இலக்கத்தைக் குறித்து வைப்பது நல்லது, பிறகு தேட உதவும். ஆனால் உள்ளே விட அது மட்டும் போதாது. முறைப்பாட்டு இலக்கம் என்ன, எங்கள் பக்கத்தில் யார் கூப்பிட்டது என்று கேட்க வேண்டும்.

நான் அதிகம் கண்ட தவறு இதற்குப் பிறகுதான் நடக்கிறது. “எங்கட சுப்பவைசரோட கதையுங்கோ” என்று அவரே தன் போனை நீட்டுவார். நாங்களும் வாங்கிக் கதைப்போம். மறுமுனையில் இருப்பது அவருடைய கூட்டாளியாக இருந்தால்? முதல்நாளே “நாளைக்கு ஆள் வருவார்” என்று வந்த அழைப்பையும் இதே கணக்கில்தான் வைக்க வேண்டும். பில்லில் அச்சாகியுள்ள இலக்கத்துக்கு நாங்களே எடுக்க வேண்டும். சிறி லங்கா ரெலிகொம் என்றால் 1212. மின்சாரம், கமரா, கணினி திருத்துபவர் என்று எல்லா இலக்கங்களையும் எழுதி முன்மேசையில் ஒட்டி வையுங்கள்.

நான் முன்பு வேலை செய்த இடத்தில் கமராவின் பதிவுப் பெட்டியை “திருத்தித் தாறம்” என்று ஒருவர் கழற்றிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் விசாரித்தபோது, எங்களுக்குச் சேவை செய்த நிறுவனம் தாங்கள் ஒருவரையும் அனுப்பவில்லை என்றது. அவர் பெயரைக்கூட நாங்கள் எழுதி வைத்திருக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் பொறுக்காது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் தெரிந்துவிடும். தெரியாமல் விட்டுப் போவதுதான் மோசம். விசைப்பலகைக் கேபிளுக்கும் கணினிக்கும் இடையில் செருகும் சின்னத் துண்டு ஒன்று, நாங்கள் தட்டும் கடவுச்சொல் உட்பட எல்லாவற்றையும் பதிந்து வைக்கும். வங்கி அட்டையால் காசு எடுக்கும் காட் மெஷினை அதேபோன்ற இன்னொன்றால் மாற்றிவிடலாம். அதனால் அடியில் உள்ள தொடரிலக்கத்தைப் படமெடுத்து வைத்து, வேலை முடிந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். சரியான ஆள் என்று உறுதியான பிறகும் தனியே விடக்கூடாது. இரண்டு பேர் வந்தால் ஒருவர் கதை கொடுக்க மற்றவர் வேலை பார்ப்பார். எங்கள் பக்கத்திலும் இரண்டு பேர் நில்லுங்கள்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் கேட்பதில்லை? “என்ன நினைப்பாரோ” என்ற கூச்சம். உண்மையான தொழிலாளி பத்து நிமிடம் வெளியில் இருப்பார், அது அவருக்குப் பழக்கம். “இப்ப விடாட்டி இனி ஒரு கிழமைக்கு லைன் வராது” என்று அவசரப்படுத்தினால் இன்னும் கவனமாக இருங்கள். முதலாளிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆளைக் காக்க வைத்ததற்காக அந்தப் பிள்ளையை ஒருமுறை ஏசினீர்கள் என்றால், அடுத்த முறை அவள் கேட்காமலே கதவைத் திறப்பாள். “நீ மறிச்சு வை, நான் ஒண்டும் சொல்லமாட்டன்” என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

காத்திருக்காமல் அவர் திரும்பிப் போனால் பின்னால் ஓட வேண்டாம். மோட்டார் சைக்கிள் இலக்கத்தையும் நேரத்தையும் எழுதுங்கள், சந்தேகம் இருந்தால் பொலிசின் 119க்கு அறிவியுங்கள். பக்கத்துக் கடைக்கும் உடனே ஒரு சொல் சொல்லிவிடுங்கள்; அடுத்ததாக அவர் அங்கேதான் போவார்.