ரிக்கற்றில் பெயர்: பாஸ்போட்டின் அடிவரியைப் பாருங்கள்

விமான ரிக்கற் போடும்போது அடையாள அட்டையைப் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள். பாஸ்போட்டின் படப் பக்கத்தில் ஆக அடியில் இரண்டு வரி இருக்கும்; அதில் மேல்வரியைப் பார்த்து எழுத்தெழுத்தாக எழுதிக் கொடுங்கள்.

விமான நிலையத்தில் இயந்திரம் வாசிப்பது அந்த வரிகளைத்தான். மேல்வரியின் 44 இடங்களில் முதல் 5 ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போய்விடும். பிறகு குடும்பப் பெயர், இரண்டு கூர் அடையாளம் (<<), அதன்பின் மற்றப் பெயர்கள். எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கு வருவதால் அவசரத்தில் இரண்டும் இடம்மாறிவிடும். சுதன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ரி’க்குப் (T) பின்னால் ‘எச்’ (H) விடுபடுவதும் அடிக்கடி நடக்கிறது. கிளிநொச்சியிலிருந்து இரவிரவாக வான் பிடித்துப் போய், கட்டுநாயக்கா கவுண்டரில் நின்றுகொண்டு இதைத் திருத்துவது பெரும்பாடு. ரிக்கற் கைக்கு வந்த அன்றே ஒத்துப் பாருங்கள், விசாவையும் சேர்த்து.

பெயர்கள் 39 இடத்தைத் தாண்டினால் அந்த மேல்வரியில் வெட்டுப்படும். அப்போது படப் பக்கத்தில் மேலே அச்சிட்ட முழுப்பெயரைத்தான் பார்க்கவேண்டும். பாஸ்போட்டிலேயே பிழையென்றால் இந்த வழி உதவாது. ரிக்கற்றுக்குக் காசு கட்டமுன் வவுனியா குடிவரவு குடியகல்வு அலுவலகத்தில் விசாரியுங்கள்.