விலங்கைப் பிறகு ரசிக்கலாம், முதலில் எடை போடுங்கள்

சீனாவின் பாண்டா, ஆஸ்திரேலியாவின் கங்காரு, அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு, தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்பாக் மான் என்று நாட்டுக்கொரு விலங்கைப் பொறித்து வரும் வெள்ளி முதலீட்டு நாணயங்களுக்குப் போலிகளும் ஏராளம். படத்தை அச்சாக அடித்துவிடலாம். எடை, விட்டம், தடிமன் மூன்றையும் ஒன்றாகப் பொருத்துவதில்தான் போலி பெரும்பாலும் மாட்டும்.

தேவையானவை: 0.01 கிராம் காட்டும் தராசு, விட்டமும் தடிமனும் அளக்க வெர்னியர் காலிப்பர், வலுவான சிறு நியோடிமியம் காந்தம், மெல்லிய நூல், ஒரு டம்ளர் தண்ணீர். முழு கிராம் மட்டும் காட்டும் சமையலறைத் தராசு இந்த வேலைக்கு உதவாது.

உறையிலிருந்து எடுத்து எடை போடுங்கள். இவற்றில் வழக்கமானது ஒரு அவுன்ஸ் நாணயம். வெள்ளிக்கான அவுன்ஸ் ட்ராய் அவுன்ஸ், 31.10 கிராம். சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம்தான், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாண்டாவில் மட்டும் ஒரு சிக்கல்: 2016 முதல் அது 30 கிராம் நாணயம். எடை குறைகிறதே என்று பதற வேண்டாம். ஆனால் ஒரு அவுன்ஸ் கணக்கில் விலை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்து காலிப்பர். அமெரிக்கக் கழுகின் விட்டம் 40.6 மி.மீ., தடிமன் 2.98 மி.மீ. பித்தளையில் செய்த போலி எடையைச் சரிக்கட்ட வேண்டுமானால் தடித்தாக வேண்டும். வெள்ளியைவிட அது இலேசு. தடிமனைக் குறைத்தால் எடை குறையும். 2021 நடுவில் வந்த புது வடிவக் கழுகில் விளிம்பு வரிகளில் ஓரிடத்தில் இடைவெளி இருக்கும், அதையும் தேடுங்கள்.

காந்தத்தில் ஒட்டினால் அது போலி, சோதனை அங்கேயே முடிந்தது. ஒட்டாவிட்டால் நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து, காந்தத்தை அதன் மேல் விடுங்கள். வெள்ளியில் அது சறுக்காமல் மெல்ல ஊர்ந்து இறங்கும். செம்பிலும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது.

நம்பகமானது தண்ணீர்ச் சோதனை. டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. அப்போது தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். தூய வெள்ளிக்கு அது 10.49. ஒரு அவுன்ஸ் நாணயத்துக்குத் தராசு 2.96 அல்லது 2.97 காட்டும், 30 கிராம் பாண்டாவுக்கு 2.86. செம்பு என்றால் ஒரு அவுன்ஸுக்கு 3.47 வரும்.

அடர்த்தி 10.1 என்று வந்தால் உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள், பெரும்பாலும் காற்றுக்குமிழ்தான் காரணம். நாணயத்தில் பொறித்த விலங்கின் உரோம வரிகளில் ஒட்டிய சிறு குமிழ்கள் கொள்ளளவைக் கூட்டிக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நூலை இலேசாகச் சுண்டி, மறுபடி அளவெடுங்கள். எண் திடீரென்று எகிறினால் நாணயம் அடியைத் தொட்டுவிட்டது. ஈயம் கலந்து அடர்த்தியைச் சரிக்கட்டவும் வழி உண்டு. அதனால்தான் ஒரு சோதனையோடு நிறுத்தக்கூடாது என்கிறோம்.

முடிந்ததும் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்த கோடுகள் பளபளப்பான பரப்பில் அப்படியே தங்கிவிடும். பற்பசை, வெள்ளி மெருகுத் திரவம் எதுவும் வேண்டாம். சேகரிப்பாளர்கள் அதைக் கண்டதும் விலையைக் குறைப்பார்கள்.

வெண்ணிறத் திட்டுகள் தெரிந்தால் அது போலிக்கு அடையாளமல்ல. நல்ல நாணயச்சாலை நாணயத்திலும் வரும், எளிதில் போகாது. கருமை கந்தகத்தால் வருவது, ரப்பர் பேண்டைப் பக்கத்தில் வைக்காதீர்கள். மென்மையான பிவிசி உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுக்கை விடும். கெட்டியான அக்ரிலிக் கேப்சூலில் போட்டு, விளிம்பை மட்டும் பிடித்துக் கையாளுங்கள்.